உவர் சதுப்பு: மேலே கொடி, கீழே கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்தில் 'நிலத்தில் உப்பு ஏறிவிட்டது' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. தோல் பதனிடும் கழிவுநீரால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கரித்துப் போனதையும், அந்தத் தண்ணீர் பாய்ந்த தோப்புகளில் தென்னை கருகியதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, உப்பு நிலம் என்பது செத்த நிலத்துக்கு இன்னொரு பெயராகவே ஆகிவிட்டது. அதே கண்ணோடு நாம் மரக்காணம் பக்கம் போகும்போது, உப்பளங்களை ஒட்டிக் கிடக்கும் கறுத்த சேற்றையும், அதில் படர்ந்திருக்கும் தடித்த இலைச் செடிகளையும் பார்த்து, 'தரிசு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. சதுப்பு நிலம் ஓர் இயற்கை வடிகட்டி என்றும், எவ்வளவு சாக்கடையை விட்டாலும் அங்குள்ள செடிகள் அதை உறிஞ்சிக்கொண்டு முன்னைவிடப் பச்சையாக வளரும் என்றும் படித்தவர்களே சொல்கிறார்கள். முதல் பேச்சு அந்த நிலத்தை ஒன்றுமில்லாததாக்குகிறது. இரண்டாவது அதை அடியில்லாத தொட்டியாக்குகிறது. இரண்டும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். மண்ணுக்கு மேலே தெரிவதை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்டவை அவை.

மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கொடி கரும்பச்சையாகத் தழைத்துக் கிடக்கும். பிடுங்கிப் பார்த்தால் காய் நாலுதான் இருக்கும். விளைச்சலை வரப்பில் நின்று சொல்ல முடியாது, செடியைப் பிடுங்கித்தான் சொல்ல முடியும். உவர் சதுப்பும் அப்படிப்பட்டதுதான்.

எது உவர் சதுப்பு?

கடல் நீர் ஒரு நாளில் ஏறுவதும் இறங்குவதும் ஓதம் எனப்படும். ஓத நீர் வந்து நனைத்துப் போகும் அளவுக்குத் தாழ்வாகவும், அலை நேராக மோதாத அளவுக்கு ஒதுங்கியும் இருக்கும் கழிமுகச் சேற்று நிலத்தில், உப்பைத் தாங்கும் புற்களும் பூண்டுகளும் குறுஞ்செடிகளும் மூடி வளர்ந்தால் அதுவே உவர் சதுப்பு. செய்தித்தாள்களில் இதையும் அலையாத்திக் காட்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். அலையாத்திக் காட்டில் இருப்பவை மரங்கள். உவர் சதுப்பில் இருப்பவை பெரும்பாலும் முழங்கால், இடுப்பு உயரத்துக்குள் நிற்கும் செடிகள். நம் கடற்கரையில் உமரி என்று வழங்கும் சதைப்பற்றுள்ள செடிகளைப் பழவேற்காட்டிலிருந்து வேதாரண்யம் வரை பார்க்கலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஸ்பார்டினா என்ற உயரமான புல் மைல்கணக்கில் பரந்து கிடக்கிறது. இந்தத் துறையின் அடிப்படை ஆய்வுகளில் பல அந்தப் புல்வெளிகளில் நடந்தவை என்பதால், இந்தக் கட்டுரையிலும் அது அடிக்கடி வரும்.

இந்தச் செடிகள் உப்பை விரும்பி உண்கின்றன என்பது ஒரு பரவலான தவறான எண்ணம். அவற்றில் பல, நல்ல தண்ணீர் கிடைத்தால் இன்னும் நன்றாகவே வளரும். ஆனால் நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் வேறு செடிகள் அவற்றை முந்திக்கொள்ளும். உப்பு நிலம் போட்டி குறைந்த நிலம் என்பதால்தான் அவை அங்கே இருக்கின்றன. அதற்கு அவை கொடுக்கும் விலையும் கொஞ்சமல்ல. கரித்த மண்ணிலிருந்து நீரை இழுக்க வேண்டுமானால் செடியின் செல்லுக்குள்ளும் கரைபொருள் நிறைய இருக்க வேண்டும். பல செடிகள் உப்பைச் செல்லுக்குள் ஓர் அறையில் ஒதுக்கிப் பூட்டிவைத்துவிட்டு, மீதி இடத்தில் அதற்கு ஈடாகத் தாமே சில சேர்மங்களைச் செய்து நிரப்பிக்கொள்கின்றன. அந்தச் சேர்மங்களில் நைட்ரஜன் இருக்கிறது. ஆகவே, உப்பில் வாழும் செடிக்கு வெறுமனே உயிரோடு இருப்பதற்கே நைட்ரஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதை நினைவில் வைத்திருந்தால் பின்னால் வருவது பல எளிதாகும்.

தோல் கழிவால் உப்பு ஏறிய கழனிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். கழனியில் இறங்கிய உப்பு தேங்கிக்கொண்டே போகிறது; அதை எடுத்துச் செல்ல எதுவும் வருவதில்லை. சதுப்பில் ஓதம் உப்பைக் கொண்டும் வருகிறது, கழுவியும் போகிறது. ஓதம் எப்போதாவது மட்டும் எட்டும் மேட்டுப் பகுதியில் வெயிலில் நீர் வற்றி உப்பு பூத்து, செடியே இல்லாத வெண்திட்டு உண்டாவதை நம் கடற்கரையில் காணலாம்.

உயிர்த்திணிவு: கீரைப் பாத்தியில் ஒரு பாடம்

ஒரு குறிப்பிட்ட பரப்பில் உள்ள உயிர்ப்பொருளின் எடை உயிர்த்திணிவு எனப்படும். செடிகளுக்கு அதை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் உலர் எடை என்று சொல்வார்கள். உலர்த்திய பிறகே நிறுப்பதற்குக் காரணம், பச்சைச் செடியில் பெரும்பங்கு தண்ணீர் என்பதுதான். கட்டுக்கட்டாக வாங்கிய கீரை வதங்கியதும் வாணலியில் ஒரு கைப்பிடியாகச் சுருங்குவதை அன்றாடம் பார்க்கிறோம். உமரி போன்ற சதைப்பற்றுச் செடியில் இது இன்னும் அதிகம். அத்தோடு, உலர்ந்த பிறகும் அதன் எடையில் கணிசமான பகுதி உப்பாக இருக்கும். அதனால் கவனமாகச் செய்பவர்கள் மாதிரியை உலையில் எரித்து, எஞ்சும் சாம்பலின் எடையைக் கழித்துவிடுவார்கள்.

அளக்கும் முறையில் மர்மம் ஒன்றுமில்லை. அரை மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டத்தை நிலத்தில் வைத்து, அதற்குள் இருப்பதைத் தரையோடு அறுத்து, கழுவி, உலர்த்தி, நிறுத்து, நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர்க் கணக்கு வரும். இதைப் பல இடங்களில் செய்து சராசரி எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் முதல் குழப்பம் நுழைகிறது. வீட்டுக் கொல்லையில் ஒரு முளைக்கீரைப் பாத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று அதில் நிற்பது இரண்டு கட்டு. ஆனால் அறுத்தும் மறுபடி விதைத்தும் அந்தப் பாத்தி ஓர் ஆண்டில் கொடுத்தது இருபது கட்டு. இன்று நிற்பது இருப்பு. ஓர் ஆண்டில் புதிதாக உண்டானது ஆக்கம். உயிர்த்திணிவு என்ற சொல் குறிப்பது இருப்பை மட்டும்தான். கடை எவ்வளவு வியாபாரம் செய்கிறது என்பதை இன்று கல்லாவில் கிடக்கும் பணத்தை எண்ணிச் சொல்ல முடியாது அல்லவா? சதுப்பில் இலைகள் ஆண்டு முழுவதும் உதிர்ந்தும் முளைத்தும் கொண்டிருப்பதால், இருப்பு குறைவாகத் தெரியும் இடத்திலும் ஆக்கம் மிக அதிகமாக இருக்கலாம். குளிர்நாடுகளில் செடி கோடையில் உச்சத்துக்கு வளர்ந்து குளிர்காலத்தில் பட்டுப்போகும் என்பதால், உச்சத்தில் ஒரு முறை அளந்தாலே ஓரளவு கணக்குக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவியபின் தழைத்து, கோடையில் சுருங்கும் நம் கடற்கரைச் சதுப்புக்கு அந்தக் குறுக்குவழி பொருந்தாது. பல மாதங்களில் அளந்தாக வேண்டும்.

இரண்டாவது குழப்பம் முதலதைவிடப் பெரியது. சட்டத்துக்குள் அறுத்தது மேலே இருந்தது மட்டும். மண்ணுக்குள் வேரும், வேர்போலவே படரும் தரைகீழ்த் தண்டும் இருக்கின்றன. ஸ்பார்டினா போன்ற புற்களில் மேலே உள்ளதைவிடக் கீழே உள்ள எடை பல இடங்களில் அதிகம். சில இடங்களில் பல மடங்கு. ஓர் இரும்புக் குழாயைச் சேற்றில் அழுத்தி, மண்ணைத் தூண்போல எடுத்து, சல்லடையில் கழுவி வேரைப் பிரித்து, செத்த வேர் எது உயிருள்ளது எது என்று பொறுக்க வேண்டும். நாள்கணக்கில் இடுப்பை ஒடிக்கும் வேலை இது. அதனாலேயே மேற்பகுதியை மட்டும் அளந்துவிட்டு அதையே சதுப்பின் உயிர்த்திணிவு என்று எழுதிய அறிக்கைகள் நிறைய இருக்கின்றன.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். உயிர்த்திணிவு என்பது ஒரு நாளின் இருப்பு, ஆக்கம் என்பது ஓர் ஆண்டின் வரவு. இருப்பின் பெரும்பகுதி பெரும்பாலும் கண்ணில் படாமல் மண்ணுக்குள் கிடக்கிறது.

சத்து சுழல்வது எப்படி: எருக்குழியும் சேடையும்

உழவர் பேச்சில் நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்றும், பாஸ்பரசுக்கு மணிச்சத்து என்றும் பெயர். பாடப்புத்தகத்தில் வரும் வேதிப் பெயர்களைவிட இவை நல்ல பெயர்கள். எது எதற்குப் பயன்படும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. சதுப்பில் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது தழைச்சத்துத்தான். அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் உள்ள கிரேட் சிப்பவிசெட் சதுப்பில், 1970-களின் தொடக்கத்திலிருந்து இவான் வலியேலா, ஜான் டீல் என்ற ஆய்வாளர்கள் பாத்தி பாத்தியாக உரம் இட்டுப் பார்த்தார்கள். நைட்ரஜன் இட்ட இடத்தில் புல் ஓங்கியது. பாஸ்பரஸ் மட்டும் இட்ட இடத்தில் அப்படி ஓங்கவில்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு நெருக்கமாக நைட்ரஜன்தான் இருக்கிறது என்றாலும், அந்த வளிமத்தைச் செடியால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு சத்து மண்ணிலிருந்து செடிக்குள் போய், செடி மட்கும்போது மறுபடியும் மண்ணுக்கு வந்து, மீண்டும் செடிக்குப் போவது ஊட்டச்சத்துச் சுழற்சி. நம் வீட்டு எருக்குழியில் நடப்பதும் அதுதான். சாணமும் சருகும் போட்டு மூடிவைத்தால், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதைத் தின்று உடைத்து, கட்டுண்டு கிடந்த நைட்ரஜனைச் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய அமோனியமாக விடுவிக்கின்றன. சதுப்பிலும் செடியை உயிரோடு மேயும் உயிர்கள் தின்பது சிறு பங்கே. பெரும்பகுதி செத்து, ஓதத்தில் நனைந்து, துண்டுதுண்டாகிச் சிதைகூளமாகிறது. மட்கிக்கொண்டிருக்கும் உயிர்ப்பொருளுக்குச் சிதைகூளம் என்று பெயர். நண்டும் நத்தையும் இறாலும் இந்தக் கூளத்தையும் அதில் படிந்த நுண்ணுயிர்களையும் சேர்த்துத் தின்கின்றன.

எருக்குழிக்கும் சதுப்புக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எருக்குழியைக் கிளறினால் காற்றுப் புகும். நீர் ஊறிய சேற்றில் புகாது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே ஆக்சிஜன் இருக்கும்; அதற்குக் கீழே இல்லை. சேடை ஓட்டிய, அதாவது நீர் கட்டி உழுது சேறாக்கிய, கழனியில் கால் புதையும்போது மேலே பழுப்பாகவும் அடியில் கருநீலமாகவும் தெரியும் மண்ணைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்தவர்களே.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் வேறொன்றைக் கொண்டு சுவாசிக்கின்றன. கடல் நீரில் சல்ஃபேட் என்ற கந்தகச் சேர்மம் ஏராளம் என்பதால் சதுப்பில் அதையே பயன்படுத்துகின்றன. அதன் விளைவாக ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவருகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். சதுப்பில் அந்த நாற்றம் அடித்தால் உடனே சாக்கடை கலந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. யாரும் கை வைக்காத சதுப்பிலும் அது அடிக்கும். கழனியில் சல்ஃபேட் குறைவு என்பதால் அங்கே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு இடம் கிடைக்கிறது. கடல் நீர் நிறைந்த சதுப்பில் சல்ஃபேட் பாக்டீரியாக்கள் அவற்றை முந்திக்கொள்வதால் மீத்தேன் மிகக் குறைவாகவே வருகிறது.

சல்ஃபைடு வேருக்கு நஞ்சு. அது மிகுந்தால், பக்கத்திலேயே அமோனியம் இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பந்தியில் சோறு போட்டும் கை கட்டப்பட்டவன் நிலைதான். இதைச் சமாளிக்கச் செடி ஒரு வழி வைத்திருக்கிறது. ஸ்பார்டினா போன்றவற்றின் தண்டிலும் வேரிலும் காற்றறைத் திசு என்ற உள்ளீடற்ற குழல்கள் உண்டு. நெல்லுக்கும் அவை உண்டு. இலை வாங்கிய ஆக்சிஜன் அவற்றின் வழியே வேர்நுனி வரை இறங்கி, வேரைச் சுற்றி நூலளவு மண்ணில் கசிகிறது. கறுத்த சேற்றிலிருந்து பிடுங்கிய வேரின் மேல் துருப்பிடித்தாற்போல் செம்பூச்சு இருந்தால், அது அந்த ஆக்சிஜன் இரும்பைத் துருவாக்கிய தடம்.

அந்த நூலளவு இடத்தில்தான் நைட்ரஜனின் பாதை பிரிகிறது. அங்கே ஒரு வகைப் பாக்டீரியா அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதற்கு நைட்ரேட்டாக்கம் என்று பெயர். அந்த நைட்ரேட் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி ஆக்சிஜன் இல்லாத மண்ணுக்குள் நகர்ந்தால், வேறு வகைப் பாக்டீரியா அதை வளிமமாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடுகிறது. இது நைட்ரஜன் நீக்கம். நீர் கட்டிய கழனியில் நைட்ரேட் உரம் போட்டால் வீணாகும் என்று வேளாண்மை அலுவலர்கள் சொல்வதற்குக் காரணமும் இதே நிகழ்ச்சிதான். எதிர்த்திசையில், காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஏற்ற வடிவில் கட்டும் பாக்டீரியாக்களும் சதுப்பில் உண்டு. மல்லாட்டை வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும் பாக்டீரியாக்கள் செய்யும் வேலையை இவை முடிச்சு இல்லாமலேயே சேற்றுப் பரப்பிலும் வேரோரத்திலும் செய்கின்றன.

பாஸ்பரசின் கதை சுருக்கமானது. அதற்கு இப்படிக் காற்றுக்குப் போகும் வழி இல்லை; ஆக்சிஜன் உள்ள இடத்தில் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஆக்சிஜன் தீர்ந்து துரு கரையும்போது விடுபடும்.

ஆக, மட்குதல் சத்தை விடுவிக்கிறது. வேர் அதை எடுக்கிறது. எடுக்காததில் ஒரு பங்கு காற்றுக்குப் போகிறது. இந்த வேலைகளுக்கு இடம் கொடுப்பது வேரைச் சுற்றியுள்ள மெல்லிய மண்ணுறையும் சேற்றின் மேல்தோலும்தான்.

மூடிய வட்டம் அல்ல

சுழற்சி என்ற சொல்லைக் கேட்டதும் செக்கைப் போல ஒரே தடத்தில் சுற்றுவதாக மனத்தில் படம் விழுகிறது. சதுப்பில் வட்டத்துக்குப் பல திறப்புகள் உண்டு. ஆறு வண்டல் கொண்டுவருகிறது. ஓதம் கொண்டுவந்து, கொண்டுபோகிறது. காற்றும் தன் பங்குக்கு வாங்கி, கொடுக்கிறது.

கொண்டுபோவது எவ்வளவு? ஜார்ஜியா மாநிலத்துச் சதுப்புகளை ஆராய்ந்து 1962-இல் ஜான் டீல் வெளியிட்ட கணக்கின்படி, அங்குள்ள உயிர்கள் பயன்படுத்துமுன்பே ஆக்கத்தில் 45 விழுக்காட்டை ஓதம் கழிமுகத்துக்கு எடுத்துச் சென்றுவிடுகிறது. சதுப்புதான் கடலுக்குச் சோறு போடுகிறது என்ற கருத்து யூஜின் ஓடம் போன்ற சூழலியலாளர்களின் எழுத்தால் அதன்பின் பரவியது. 1980-இல் ஸ்காட் நிக்சன் என்ற ஆய்வாளர் அதுவரை வந்த அளவீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சில சதுப்புகள் கொடுப்பதும் சில வாங்குவதும் தெரிந்தது. ஓதத்தின் உயரம், கழியோடையின் (ஓத நீர் சதுப்புக்குள் வந்துபோகும் ஓடையின்) வாய், சதுப்பின் வயது ஆகியவற்றைப் பொறுத்து இது மாறுகிறது. ஓர் ஏரியின் கணக்கை வைத்து அடுத்த ஏரிக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாதது போலத்தான்.

ஆறு கொண்டுவருவதை நாம் ஊரிலிருந்தே பார்க்கிறோம். நந்தி மலையில் தொடங்கும் பாலாறு, 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் அந்த ஆறு 2021 நவம்பரில் கரைபுரண்டபோது வேலூர்ப் பாலங்களில் நின்று பார்த்தவர்கள் கண்ட கலங்கல் நீரில், கழிமுகத்துக்கான வண்டலும் சத்தும் இருந்தன. ஏரி வண்டலை வண்டியில் அடித்து நிலத்தில் கொட்டிய வழக்கத்தை ஆறு தானே கடற்கரைக்குச் செய்கிறது என்று கொள்ளலாம்; மணலும் நீரும் வழியிலேயே எடுக்கப்பட்டால் அந்த வண்டியில் ஏறுவது குறையும்.

கூடுதல் சத்து ஏன் கெடுக்கிறது

இப்போது அந்த 'அடியில்லாத தொட்டி' பேச்சுக்கு வரலாம். நைட்ரஜன் நீக்கம் உண்மை. செடி உறிஞ்சுவதும் உண்மை. ஓர் அளவு வரை சதுப்பு கழிவுநீரின் நைட்ரஜனைக் குறைக்கத்தான் செய்கிறது. அந்த அளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளம் தீவுக் கழிமுகத்தில் லிண்டா டீகன் குழுவினர் ஒன்பது ஆண்டுகள் ஓத நீரிலேயே நைட்ரஜனைக் கலந்து, முழுக் கழியோடைகளையே சோதனைப் பாத்தியாக்கிப் பார்த்தார்கள். முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. மேலே இலை கூடியது. கீழே, ஓடைக் கரையைப் பிடித்து நிறுத்தும் வேர் அடர்த்தி குறைந்தது. நைட்ரேட் மிகுந்ததால் மட்கும் வேகமும் கூடி, மண்ணில் சேர்ந்திருந்த உயிர்ப்பொருளும் கரைந்தது. கடைசியில் கரைகள் வெடித்துச் சரிந்து, புல் நின்ற இடம் வெறும் சேறானது.

யூரியாவை அள்ளிப்போட்ட கழனியில் நெல் கருகருவென்று வளர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடுவதைப் பார்த்தவர்கள் இதற்கு வியக்கமாட்டார்கள். தழைச்சத்து தேடாமலே கிடைக்கும்போது, தேடிப் போவதற்கான வேரை வளர்ப்பதில் செடி செலவைக் குறைத்துக்கொள்கிறது. நெல்லுக்கு அதனால் ஒரு போகம் போகும். சதுப்பில் வேரே நிலம் என்பதால் நிலமே போகிறது.

வேரே நிலம் என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் செத்த வேர் முழுதாக மட்குவதில்லை. ஆண்டுதோறும் அடுக்காகச் சேர்ந்து, ஓதம் விட்டுப்போகும் வண்டலோடு பின்னி, தரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறது. கடல்மட்டம் உயரும்போது சதுப்பும் கூடவே உயர்ந்து தப்புவது இப்படித்தான். கரிமத்தின் (கார்பன்) கணக்கும் இங்கேதான் இருக்கிறது: உலகின் உவர் சதுப்புகள் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 200 கிராம் கரிமத்தை மண்ணில் புதைப்பதாக மதிப்பிடுகிறார்கள். அது புதைவது பெரும்பாலும் வேராகவும் வேரில் சிக்கிய வண்டலாகவும்தான்.

எனவே, ஒரு சதுப்பு முன்பைவிடப் பச்சையாகிவிட்டது என்று யாராவது படம் எடுத்துக் காட்டினால், அடுத்துக் கேட்க வேண்டியது குழாய் இறக்கி எடுத்த மண்ணில் வேர் எத்தனை கிராம் இருந்தது என்பதுதான். அந்த எண் இல்லாவிட்டால், படத்தில் இருப்பது மல்லாட்டைக் கொடி மட்டும். காயை இன்னும் யாரும் எண்ணவில்லை.